"சும்மா உட்காருங்க, நாங்க பார்த்துக்கிறோம்"

[எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்பதற்கு ஏற்ப சில இடங்கள் சுருக்கித் திருத்தப்பட்டுள்ளன.]

திண்டுக்கல்லில் இருந்து பேசுறேன். நான் ஒரு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். இதைச் சொன்னதும் எங்க ஊர்ல வர்ற முதல் கேள்வி, "அப்ப எங்க பையனுக்கு ஒரு வேலை வாங்கித் தருவீங்களா?" ரெண்டாவது கேள்வி, "பிசியோதெரபிதானே?" முதல் கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல. ரெண்டாவதுக்கு இருக்கு, கொஞ்சம் பொறுத்துச் சொல்றேன்.

இன்னிக்கு நான் பேச வந்தது ஒரு வாக்கியத்தைப் பத்தி. சென்னையிலயோ பெங்களூர்லயோ வேலை பார்த்துக்கிட்டு, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போறவங்க எல்லாருமே இதை ஒரு தடவையாவது சொல்லியிருப்பீங்க: "இத்தனை வருஷம் உழைச்சது போதும். சும்மா உட்காருங்க, நாங்க பார்த்துக்கிறோம்."

பாசத்துல சொல்றதுதான். ஆனா நான் போற வீடுகள்ல, பெரியவங்க எப்போ இருந்து தளர ஆரம்பிச்சாங்கன்னு பின்னோக்கிக் கேட்டுக்கிட்டே போனா, நிறைய தடவை இந்த வாக்கியத்துல வந்து நிக்கும். சர்க்கரையும் பிரஷரும் இருபது வருஷமா இருந்திருக்கும். அதோடயே கடைக்குப் போனாங்க, சமைச்சாங்க, பேரப் பிள்ளைங்களைப் பள்ளிக்கூடத்துல விட்டாங்க. ஒரு நாள் எல்லாரும் சேர்ந்து அந்த வேலைகளை வாங்கிக்கிட்டோம். ஆறு மாசத்துல அவங்களுக்குக் கட்டில்ல இருந்து எழுந்திரிக்கவே கை கொடுக்க வேண்டியதாயிடுச்சு.

இது வெறும் அனுபவக் கதை இல்ல. நல்ல ஆரோக்கியத்தோட இருந்த வயதானவர்களை 10 நாள் படுக்கையில வச்சுப் பார்த்த ஒரு சின்ன ஆய்வு 2007-ல் அமெரிக்காவில் வந்தது. பத்தே நாள்ல கால்கள்ல இருந்து மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை போயிடுச்சு. படுக்கையும் சோபாவும் ஒண்ணு இல்லதான். ஆனா திசை ஒண்ணுதான். இருபத்தஞ்சு வயசுல நமக்குக் காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்தா திரும்ப வந்துடுவோம். எழுபத்தஞ்சுல அந்தத் திரும்பி வர்ற பாதை ரொம்ப நீளம்.

தமிழ்நாட்டுக்கு இது பெரிய விஷயம். 2011 கணக்கெடுப்பில் இங்க பத்துப் பேருக்கு ஒருத்தர் 60 வயசைத் தாண்டினவர். 2021-க்கான மத்திய அரசின் மதிப்பீடு 13.6 சதவீதம், கேரளாவுக்கு அடுத்து நாமதான். 2031-ல் 18 சதவீதத்தைத் தாண்டும்னு சொல்றாங்க. அதாவது, நீங்க நாற்பதைத் தொடும்போது ஏறக்குறைய ஐந்தில் ஒருத்தர் முதியவர்.

ஆக்குபேஷன்னா சம்பளம் இல்ல

இப்ப அந்த ரெண்டாவது கேள்வி. எங்க துறையில 'ஆக்குபேஷன்'னா உத்தியோகம் இல்ல. ஒரு மனுஷர் தன்னோட நாளை எதால நிரப்புறாரோ அது எல்லாமே ஆக்குபேஷன்தான். குளிக்கிறது, வேட்டி கட்டுறது, வாசல்ல கோலம் போடுறது, பேப்பர் படிக்கிறது, சீட்டு கட்டுறது, பூ தொடுக்கிறது, டீக்கடை பெஞ்சுல அரசியல் பேசுறது.

பிசியோதெரபிஸ்ட் உங்க முட்டியைப் பழையபடி மடக்க வைப்பார். நான் வந்து, "முட்டி மடங்கிடுச்சு, சரி, அதை வச்சு எங்க போகணும்?"னு கேட்பேன். ரெண்டு பேரும் வேணும். முட்டி முழுசா மடங்காமலே போனாலும், போக வேண்டிய இடத்துக்குப் போக என்ன வழின்னு தேடுறதுதான் எங்க வேலை. அதுக்கு மூணு வழி இருக்கு: ஆளைப் பழக்கலாம், வேலையைச் செய்யும் முறையை மாத்தலாம், இல்லன்னா இடத்தையும் கருவியையும் மாத்தலாம்.

இந்தியாவுல இது புதுசும் இல்ல. கமலா நிம்ப்கர் 1950-ல் மும்பை கே.இ.எம் மருத்துவமனையில் முதல் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினாங்க. 1952-ல் உலக ஆக்குபேஷனல் தெரபி கூட்டமைப்பு உருவானப்போ, அதைத் தொடங்கின பத்து நாடுகள்ல இந்தியாவும் ஒண்ணு. எழுபது வருஷத்துக்கு அப்புறமும் எங்க ஊர்ல என்னைப் பார்த்து வேலை வாங்கித் தரச் சொல்றாங்க, அது வேற கதை.

உலக சுகாதார நிறுவனமும் 2015-ல் இருந்து ஆரோக்கியமான முதுமைன்னா நோயே இல்லாம இருக்கிறதுன்னு சொல்றதில்ல. தான் மதிக்கிற விஷயங்களைச் செய்ய முடியிற நிலைதான் அளவுகோல். 2021 முதல் 2030 வரைக்கும் ஆரோக்கியமான முதுமைக்கான பத்தாண்டுன்னு ஐ.நா. அறிவிச்சதும் இந்த அடிப்படையிலதான். எழுபது வயசுல ஒரு நோயும் இல்லாதவர் நம்ம ஊர்ல எத்தனை பேர்? ஆனா நோயோட நல்லா வாழ்றவங்க நிறைய பேர் இருக்காங்க.

ஒரு காபிக்குள்ள எத்தனை வேலை

நாங்க எப்படி வேலை பார்க்கிறோம்னு ஒரு உதாரணம் சொன்னாத்தான் புரியும். அடையாளம் தெரியக் கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.

ஒரு வீட்டுல அப்பத்தாவுக்கு 76 வயசு. "மறதி வந்துடுச்சு, ரெண்டு தடவை கேஸைத் திறந்து விட்டுட்டாங்க, இப்ப அடுப்படிக்கே விடுறதில்ல"ன்னு மகன் சொன்னார். நாலு மாசமா அவங்க முன் ரூம்ல டிவி முன்னாடி உட்கார்ந்திருக்காங்க. பேச்சு குறைஞ்சுடுச்சு. அதனால மறதிதான்னு வீட்டுல உறுதியே பண்ணிட்டாங்க.

நான் போய், "அப்பத்தா, எனக்கு ஒரு காபி போட்டுத் தாங்க"ன்னு கேட்டேன். வீட்டுல எல்லாருக்கும் பதற்றம். நான் பக்கத்துலயே நின்னு பார்த்தேன்.

காபி போடுறதை ஒரு வேலைன்னு நினைக்கிறோம். எனக்கு அது இருபது வேலை. கட்டில்ல இருந்து எழணும். நிலைப்படியைத் தாண்டணும். மேல் தட்டுல இருக்கிற பொடி டப்பாவை எட்டி எடுக்கணும், மூடியைத் திருகணும். பால் பாத்திரத்தைத் தூக்கணும். ஒரு கையால அடுப்பைத் திருகி, இன்னொரு கையால லைட்டரை அமுக்கணும். பால் பொங்குறதைக் கவனிக்கணும். இடுக்கியால பிடிச்சு இறக்கணும். ஆத்தணும். சிந்தாம கொண்டு வரணும். இந்த இருபதுல எது உடையுதுன்னு பார்க்கிறதுதான் எங்க சோதனை.

அப்பத்தா எதையும் மறக்கல. வரிசை அப்படியே இருந்துச்சு. எனக்குச் சர்க்கரை எத்தனை ஸ்பூன்னு ஒரு தடவைதான் கேட்டாங்க. உடைஞ்ச இடம் லைட்டர். கட்டைவிரல் அடி மூட்டுல தேய்மானம். ஒரு கையால அமுக்க வலு இல்ல. அதனால அடுப்பைத் திறந்துட்டு, லைட்டரை ரெண்டு கையாலயும் பிடிச்சு, நாலு தடவை முயற்சி பண்ணி, முடியாம வலியோட திரும்பிடுறாங்க. கேஸ் திறந்தே இருக்கு. பார்க்கிறவங்களுக்கு அது மறதி.

நினைவாற்றலையும் தனியா சோதிச்சோம், டாக்டர்கிட்டயும் காட்டினோம். அந்த வயசுக்குச் சரியாவே இருந்துச்சு. லைட்டர் தேவைப்படாத தானியங்கி அடுப்பு மாத்தினோம். பொடி டப்பா இடுப்பு உயரத்துக்கு இறங்கிச்சு. திருகு மூடிக்குப் பதிலா தூக்கு மூடி. கரண்டிக் கைப்பிடியில பழைய சைக்கிள் டியூபைச் சுத்திப் பருமனாக்கினோம். பிடி பருமனா இருந்தா விரல் மூட்டுக்கு அழுத்தம் குறையும். இப்ப காலை காபி அவங்கதான் போடுறாங்க. மருமகளைக் குறை சொல்ற பேச்சும் திரும்ப வந்துடுச்சுன்னு வீட்டுல சிரிச்சாங்க.

நினைச்சுப் பாருங்க. பிரச்சினை ஒரு கட்டைவிரல்ல. நாம மூடினது ஒரு அடுப்படியை.

பூட்டும் தறியும்

திண்டுக்கல்னா உங்களுக்கு பிரியாணி ஞாபகம் வரும். எங்களுக்குப் பூட்டு. கையால செய்ற திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைச்சது. ஆனா பட்டறைகள்ல இளசுகளைப் பார்க்கிறது கஷ்டம். அரம் பிடிக்கிற கை பெரும்பாலும் நரைச்ச ரோமம் உள்ள கைதான்.

அப்படி ஒரு ஐயா, எழுபதைத் தாண்டினவர். கை நடுக்கம். சாவியில வெட்டு சரியா விழலன்னு மகன் பட்டறைக்கு வர வேண்டாம்னுட்டார். வீட்டுல பகல் முழுக்கத் தூக்கம், ராத்திரி முழிப்பு, சாப்பாடு பாதி. டாக்டர் நடுக்கத்துக்கு மருந்து கொடுத்திருந்தார். நாங்க பட்டறைக்கே போனோம். வைஸ் ரொம்பத் தாழ்வா இருந்துச்சு, கை அந்தரத்துல நிக்குது. முழங்கை உயரத்துக்கு மேசையை ஏத்தி, முன்கை பலகையில பதியிற மாதிரி வச்சோம். கைக்கு ஒரு தாங்கல் கிடைச்சா நடுக்கம் கொஞ்சம் அடங்கும். பக்கவாட்டுல ஒரு விளக்கு போட்டோம்.

அப்பவும் நுணுக்கமான அர வேலை வரல. அதை மறைக்க வேண்டியதில்ல, அவருக்கே தெரியும். ஆனா ஒரு விஷயம் அவரைத் தவிர யாருக்கும் வராது. முடிஞ்ச பூட்டுல சாவியைப் போட்டுத் திருப்பி, சத்தத்தை வச்சே எந்த லீவர் சரியா உட்காரலன்னு சொல்லிடுவார். இப்ப காலையில ரெண்டு மணி நேரம் அதுதான் அவர் வேலை. ராத்திரித் தூக்கம் திரும்பிடுச்சு.

இதை வச்சு, எல்லாப் பெரியவங்களையும் பழைய தொழிலுக்குத் திருப்பி அனுப்பணும்னு நினைச்சிடாதீங்க. சின்னாளப்பட்டி பக்கம் ஒரு நெசவாளர் அம்மா. குழித்தறியில கால் தொங்கப்போட்டு மிதிச்சே முட்டி தேஞ்சு போச்சு. "அம்மா தறியில உட்கார்ந்தா தெம்பா இருப்பாங்க, ஏதாவது பண்ணுங்க"ன்னு பையன் கூப்பிட்டார். அந்த அம்மாகிட்ட தனியாக் கேட்டேன். "நாப்பது வருஷம் உட்கார்ந்தாச்சு பாப்பா, போதும். வெள்ளிக்கிழமை கோயிலுக்கு நானா நடந்து போகணும். அதைச் செஞ்சு கொடு."

அவ்வளவுதான். தறியை விட்டுட்டு கோயில் பாதையை எடுத்தோம். தூரத்தை மூணு துண்டாப் பிரிச்சோம். எங்க உட்காரலாம்? ஒரு கடைத் திண்ணை, ஒரு தண்ணித் தொட்டி மேடை. கைத்தடியோட உயரம் மணிக்கட்டு வரைக்கும் இருக்கணும். அவங்க தடி நாலு விரல் கூடுதலா இருந்துச்சு, அறுத்தோம். தேஞ்ச ரப்பர் செருப்புக்குப் பதிலா பின்பக்கம் வார் வச்ச செருப்பு. முதல் வாரம் முதல் திண்ணை வரைக்கும் மட்டும். கோயில் வரைக்கும் போக ரெண்டு மாசம் ஆச்சு.

பிஸியா வச்சிருந்தா போதாதா?

இந்த ரெண்டு பேரையும் சேர்த்துப் பார்த்தா ஒரு விஷயம் தெரியும். அதுக்கு ஆதாரமும் இருக்கு. 1997-ல் ஜாமா மருத்துவ இதழ்ல ஃபுளோரன்ஸ் கிளார்க் குழுவோட ஆய்வு ஒண்ணு வந்தது. லாஸ் ஏஞ்சலஸ்ல யாரையும் சாராம சுயமா வாழ்ற 361 முதியவர்களை மூணு குழுவாப் பிரிச்சாங்க. ஒரு குழுவுக்கு ஒன்பது மாசம் ஆக்குபேஷனல் தெரபி: உன் நாள் எப்படிப் போகுது, உனக்கு எது முக்கியம், அதை எப்படிச் செய்யலாம்னு ஒவ்வொருத்தரோடவும் சேர்ந்து திட்டம் போட்டாங்க. ரெண்டாவது குழுவுக்குப் பொழுதுபோக்கு: சினிமா, விளையாட்டு, கைவேலை, வெளியூர்ப் பயணம். மூணாவது குழுவுக்கு எதுவும் இல்ல.

முதல் குழுவுக்கு உடல்நலம், செயல்திறன், வாழ்க்கைத் தரம் எல்லாத்துலயும் பலன் கிடைச்சது. சிகிச்சை முடிஞ்சு ஆறு மாசத்துக்கு அப்புறமும் அதுல பெரும்பகுதி நிலைச்சிருந்தது. ரெண்டாவது குழு? ஒண்ணுமே செய்யாத மூணாவது குழுவுக்கும் அவங்களுக்கும் வித்தியாசம் இல்ல.

எனக்கு இந்தத் துறையில ரொம்பப் பிடிச்ச முடிவு இதுதான். ஆளைப் பிஸியா வச்சிருக்கிறது மருந்து இல்ல. அவருக்கு எது பொருளுள்ள வேலையோ, அது அவர் கையில இருக்கிறதுதான் மருந்து. துணையை இழந்த பிறகோ பெரிய நோய்க்குப் பிறகோ மீண்டு வர்றவங்ககிட்டயும் இதைத்தான் பார்க்கிறேன். மனசு இரும்பா இருக்கிறதால மட்டும் யாரும் மீள்றதில்ல. நாளைக்குக் காலையில தன்னை எதிர்பார்த்து ஒரு வேலை இருந்தா, அந்தக் காலைக்கு எழுந்துக்கிறாங்க.

ஒரு எதிர்க்கேள்வி வரும். எங்க மாவட்டத்துல அறுபது தாண்டின எத்தனையோ அம்மாக்கள் நூறு நாள் வேலைக்கும் பூப்பறிக்கவும் வெயில்ல போறாங்க. அவங்ககிட்ட போய் உழைப்புதான் ஆரோக்கியம்னு சொல்றது அநியாயம் இல்லையா? அநியாயம்தான். அவங்களுக்குத் தேவை ஓய்வும் ஓய்வூதியமும். வேலையைத் திணிக்கிறதும் தப்பு, பிடுங்குறதும் தப்பு. ரெண்டுலயும் விடுபட்டுப் போறது அவங்க விருப்பம்.

விழுந்துடுவாங்கன்னு பயமா இருக்கே

நியாயமான பயம். இடுப்பு எலும்பு உடைஞ்சா வாழ்க்கையே மாறிடும். ஆனா அதுக்கு ஆளை உட்கார வைக்கிறது தீர்வு இல்ல. உட்கார உட்கார கால் தளரும், விழுற வாய்ப்பு இன்னும் கூடும். வீட்டை மாத்துங்க. வீட்டுக்குள்ள இருக்கிற ஆபத்துகளைச் சரி பண்றதைப் பத்தி 2023-ல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு, அது விழுறதை 26 சதவீதமும், ஏற்கெனவே விழும் அபாயம் அதிகம் உள்ளவர்களிடம் 38 சதவீதமும் குறைக்குதுன்னு சொல்லுது.

திண்டுக்கல் வீடுகள்ல நான் முதல்ல பார்க்கிறது தண்ணி டிரம். தண்ணி வர்ற அன்னிக்கு நடைபாதை முழுக்கக் குடமும் டிரம்மும் நிரம்பியிருக்கும், தரை ஈரம். அந்த வழியாத்தான் பாத்ரூம் போகணும். குடங்களை ஒரு பக்கச் சுவரோரம் நகர்த்தினாலே பாதி ஆபத்து போயிடும். அடுத்து நிலைப்படி: தரை நிறத்துலயே இருந்தா கண்ணுக்குத் தெரியாது, ஓரத்துல பளிச்னு ஒரு மஞ்சள் டேப் ஒட்டுங்க. பாத்ரூம்ல சுவத்துல பிடி வைங்க. துண்டு போடுற கம்பி ஆள் வெயிட்டைத் தாங்காது, அதை நம்பாதீங்க.

அரசாங்கம் வீட்டுக்கே வருது, ஆனா...

2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்துல தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை நான் மனசாரப் பாராட்டுவேன். பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கு வருது. வலி தணிப்புச் சிகிச்சை வருது. பிசியோதெரபிஸ்ட் வர்றார். 2024-ல் அதுக்கு ஐ.நா. விருதும் கிடைச்சது. வீட்டு வாசல் வரைக்கும் வந்த அந்தக் குழு, அடுப்படியையும் பாத்ரூமையும் ஒரு தடவை எட்டிப் பார்க்கிற ஒரு ஆளையும் சேர்த்துக்கிட்டா போதும். அந்த வரிசையில ஆக்குபேஷனல் தெரபிஸ்டுக்கு இடம் வேணும்ங்கிறது என் கோரிக்கை.

அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது

அதுவரைக்கும் நீங்க செய்யக்கூடியது நாலு.

ஒண்ணு. "உடம்பு எப்படி இருக்கு?"ன்னு கேட்காதீங்க. "நல்லாருக்கேன்"னுதான் பதில் வரும். "நேத்து காலையில எழுந்ததுல இருந்து படுக்கிற வரைக்கும் என்னென்ன பண்ணுனீங்க?"ன்னு கேளுங்க. பதில் ரெண்டே வரியில முடிஞ்சா, அதுதான் ரிப்போர்ட்.

ரெண்டு. "முன்னாடி செஞ்சு, இப்ப விட்டுட்டதுல எதை ரொம்பத் தேடுறீங்க?" இந்தக் கேள்வியைத் தனியாக் கேளுங்க, வீட்டுல எல்லாரும் இருக்கும்போது வேண்டாம். அப்புறம் அந்த வேலையை அவங்க செய்யும்போது பக்கத்துல நின்னு பாருங்க. கை நீட்டி உதவாதீங்க. எந்த இடத்துல உடையுதுன்னு பாருங்க. அந்த ஒரு இடத்தை மட்டும் சரி பண்ணுங்க.

மூணு. ராத்திரி லைட்டை அணைச்சுட்டு, அவங்க கட்டில்ல இருந்து பாத்ரூம் வரைக்கும் நீங்க ஒரு தடவை நடந்து பாருங்க. எங்கெல்லாம் உங்களுக்கே தடுமாறுதோ, அங்க ஒரு சின்ன நைட் லேம்ப்.

நாலு. திடீர்னு வர்ற மாற்றத்தை வயசு மேல போடாதீங்க. திடீர்னு வாய் கோணுது, ஒரு கை தூக்க வரல, பேச்சு குழறுதுன்னா ஒரு நிமிஷம் யோசிக்காம 108-ஐக் கூப்பிடுங்க. ரெண்டு மூணு நாள்ல குழப்பமோ தள்ளாட்டமோ கூடினாலும் டாக்டரைப் பாருங்க. ஒரு சிறுநீர்த் தொற்றோ புது மாத்திரையோகூடக் காரணமா இருக்கலாம்.

இவ்வளவும் கேட்டுட்டு, ஊருக்குப் போன் பண்ணி, "அப்பா, நாளையில இருந்து நீங்க வேலை செய்யணும்"னு ஆரம்பிச்சிடாதீங்க. அது பழைய வாக்கியத்தையே தலைகீழாச் சொல்றது மாதிரி. "அப்பா, இதை எப்படிப் பண்றதுன்னு எனக்குத் தெரியல, கொஞ்சம் சொல்லிக் கொடுங்க"ன்னு ஆரம்பிங்க. குழம்புப் பக்குவமோ, ரோஜாச் செடிக்கு உரமோ, எதுவா இருந்தாலும் சரி. ஆனா உண்மையாவே உங்களுக்குத் தெரியாததாப் பார்த்துக் கேளுங்க. நடிச்சா கண்டுபிடிச்சிடுவாங்க.

உங்க வீட்டுப் பெரியவங்க என்ன வேலையைத் தேடுறாங்கன்னு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.